பிள்ளைகளின் தந்தை பெஸ்டலோசி

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு

நாடாண்ட மன்னர்களின் வரலாற்றையும் போர் வென்ற தளபதிகளின் வரலாற்றையும் நாம் வகுப்பறையில் நாள்தோறும் படிக்கிறோம். ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால் சில மனிதர்களின் வரலாறு தேர்வுக்குப் பின்னும் நம்மை விடுவதில்லை. நம் குற்றத்தை நமக்கே சுட்டிக் காட்டிக்கொண்டு அது கூடவே வருகிறது. அவ்வாறு என்னைத் தொடர்ந்து வரும் ஒரு பெரியாரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்துக்குப் பின் பள்ளிகள் திறந்தபோது எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பலர் எழுத்தையே மறந்திருந்தார்கள். மாலை நேரத்தில் அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர நான் முன்வந்தேன். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருபது பிள்ளைகள் கூடுவார்கள். அவர்களுள் மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன். வாய்ப்பாடு அவனுக்கு வராது. எழுத உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைத் தட்டிவிடுவான். அதட்டினால் முறைத்துக்கொண்டு நிற்பான். ஒரு நாள் இரண்டாம் வாய்ப்பாட்டை ஐந்தாம் முறையாகத் தப்பாகச் சொன்னபோது எனக்குப் பொறுமை போயிற்று. எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவன் தலையில் ஓங்கிக் குட்டினேன். மண்டபத்துக்கு வெளியே நிற்க வைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அந்த வாரம் முழுவதுமே வரவில்லை.

தேடிக்கொண்டு போனபோதுதான் உண்மை தெரிந்தது. அவனுக்குத் தந்தை இல்லை. தாய் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. கண் மங்கிய பாட்டியோடு இருந்தான். பகலில் பள்ளிச் சத்துணவு. அதன்பின் பாட்டி இருட்டியதும் வடிக்கும் கஞ்சி. இரண்டுக்கும் இடைப்பட்ட வெறும் வயிற்றோடுதான் என்னிடம் வந்து வாய்ப்பாடு சொல்லியிருக்கிறான்!

எங்கள் துறைப் பேராசிரியை ஒருவரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. கல்லூரி நூலகத்துக்கு அழைத்துச் சென்று, அட்டை கிழிந்த கல்வி வரலாற்று நூலொன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்நூலில்தான் ஜோகன் ஹென்ரிக் பெஸ்டலோசி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பெருந்தகையை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். கல்வியியல் பயில்வோர்க்கு அவர் பெயர் பழகிய பெயர். எனக்கோ அவர் அன்று முதல் ஓர் ஆசான்.

பிஞ்சுப் பருவம்

பெஸ்டலோசி 1746ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சூரிச் நகரில் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். மகனுக்கு ஐந்து வயதானபோது, 1751இல், தந்தை காலமானார். வறுமை வீட்டுக்குள் நுழைந்தது. இறக்கும் தறுவாயில் தந்தை தம் வீட்டுப் பணிப்பெண்ணை அழைத்து, குடும்பத்தைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். பாபெலி என்று அழைக்கப்பட்ட அந்த எளிய பெண் கொடுத்த வாக்கைக் காத்தாள். தன் வாழ்நாளையே அக்குடும்பத்துக்கு ஈந்தாள். படிப்பறிவில்லாத ஒருத்தியின் அன்பும் நேர்மையும் ஒரு குழந்தையை எப்படி உருவாக்கும் என்பதைப் பெஸ்டலோசி ஏட்டில் படிக்கவில்லை, வீட்டில் கண்டார்.

பள்ளியில் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. வெளியுலகம் அறியாமல் இரு பெண்களின் அரவணைப்பில் வளர்ந்த பிள்ளை. நடை, உடை, விளையாட்டு எதிலும் மற்ற பிள்ளைகளோடு ஒட்டவில்லை. கோமாளியூர்க்காரன் என்னும் பொருளில் ஒரு பட்டப்பெயரை அவருக்குச் சூட்டி உடன் பயின்றோர் சிரித்தார்கள். ஒரு முறை நிலநடுக்கம் வந்தபோது ஆசிரியர்களும் மாணவர்களும் பள்ளியை விட்டு ஓடினார்கள். உள்ளே கிடந்த தொப்பிகளையும் புத்தகங்களையும் எடுத்துவர யார் போவது? எல்லோரும் அந்தக் கோமாளியூர்ச் சிறுவனையே அனுப்பினார்கள். அவரும் போய் எடுத்துவந்தார்! கேலிக்குள்ளான குழந்தையின் உள்ளம் எப்படி இருக்கும் என்பதை அறிய அவருக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

விடுமுறையில் அவர் ஹோங் என்னும் சிற்றூரில் போதகராயிருந்த பாட்டனாரிடம் செல்வார். பாட்டனார் ஏழைகளின் வீடுகளைப் பார்க்கப் போகும்போது பேரனும் கூடப் போவார். அங்கே கண்ட பட்டினியும் அழுக்கும் அப்பிஞ்சு நெஞ்சில் பதிந்தன.

பண்ணையும் பள்ளியும்

இளமையில் அவரை ஆட்கொண்டவர் ரூசோ. 1762இல் வெளிவந்த 'எமிலி' என்னும் நூல் அவர் உள்ளத்தில் தீ மூட்டியது. நாட்டுப்பற்றுமிக்க இளைஞர் குழுவில் சேர்ந்தார். அதனால் 1767இல் சில நாள் காவலிலும் வைக்கப்பட்டார். பின்னர் உழவே உயர்ந்த தொழில் என்று துணிந்து வேளாண்மை கற்றார். 1769இல் அன்னா சுல்தெஸ் என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையார் அவரைவிட எட்டு வயது மூத்தவர். செல்வக் குடியில் பிறந்தவர். பிர் என்னும் சிற்றூருக்கு அருகே நிலம் வாங்கி, வீடு கட்டி, அதற்குப் புதுப்பண்ணை என்னும் பொருள்படும் நியூஹாஃப் என்று பெயரிட்டனர்.

நிலம் வளமற்றது, அனுபவமும் இல்லை. பண்ணை படுத்தது. வேறொருவராயிருந்தால் நகரத்துக்குத் திரும்பியிருப்பார். பெஸ்டலோசியோ, தாமே ஏழையாகிவிட்ட அந்த 1774ஆம் ஆண்டில், தெருவில் பிச்சையெடுத்துத் திரிந்த பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்தார்! கோடையில் வயல் வேலை. குளிரில் நூற்பும் நெசவும். கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய்ப் பாடம். பிள்ளைகளின் உழைப்பே பள்ளியைக் காக்கும் என்று கணக்கிட்டார். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

கணக்கு தப்பாயிற்று. நோஞ்சான் பிள்ளைகள் நூற்ற நூல் விலைபோகவில்லை. புத்தாடை கொடுத்த சில நாளிலேயே பெற்றோர் சிலர் வந்து பிள்ளையை ஆடையோடு அழைத்துப் போய்விட்டனர். மனைவியின் செல்வமும் கரைந்தது. 1780இல் இல்லம் மூடப்பட்டது. குழந்தையின் உழைப்பைக் கொண்டே குழந்தைக்குக் கல்வி தரலாம் என்ற எண்ணத்தை இன்று நாம் ஏற்க முடியாது. எனினும், உண்ண வழியற்ற குழந்தையும் கற்கத் தக்க குழந்தையே என்று அக்காலத்தில் நினைத்தவர் எத்தனை பேர்?

பெற்ற மகனும் பிறர் பிள்ளைகளும்

இங்கே ஒரு துயரத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1770இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ரூசோவின் பெயரையே அவனுக்கு வைத்தார். நூலில் படித்த முறைப்படி வளர்க்க முனைந்து, 1774இல் நாட்குறிப்பும் எழுதினார். மூன்றரை வயதுக் குழந்தைக்கு எண்ணும் எழுத்தும் புகட்ட அவர் பட்ட பாடும், குழந்தை மறுத்தபோது அடைத்து வைப்பதாக அச்சுறுத்தி வழிக்குக் கொண்டுவந்ததும் அக்குறிப்பில் உள்ளன. பின்னர் எதிர்த் திசைக்குப் போய் அவன் போக்கில் விட்டார். பதினோரு வயதை எட்டியும் அவனுக்கு ஒழுங்காக எழுதப் படிக்கத் தெரியவில்லை. வலிப்பு நோயும் வாட்டியது. 1801இல், முப்பத்தொன்றாம் வயதில், தந்தைக்கு முன் மகன் மறைந்தான்.

உலகப் பிள்ளைகளுக்கெல்லாம் வழிகாட்டிய ஒருவர் தம் பிள்ளையிடம் தோற்றார் என்பதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பிறகு ஒன்று புரிந்தது. அந்தத் தோல்வியிலிருந்துதான் அவர் கற்றார். நாம் படித்த முறையைக் குழந்தை மீது சுமத்துவது வேறு. எதிரே நிற்கும் குழந்தையை முதலில் படிப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறிய அவருக்கு ஒரு வாழ்நாளே தேவைப்பட்டது.

நியூஹாஃப் வீழ்ந்த பின் பதினெட்டு ஆண்டுகள் அவர் எழுத்தாளராகவே வாழ்ந்தார். 1781இல் வெளிவந்த 'லியோனார்டும் கெர்ட்ரூடும்' என்னும் புதினம் பெரும் புகழ் தந்தது. குடிகாரக் கணவனைக் கொண்ட கெர்ட்ரூட் என்னும் ஏழைத் தாய், தன் வீட்டு வேலைகளினூடே பிள்ளைகளை வளர்த்து, அதன்வழி ஊரையே திருத்தும் கதை அது. பிரெஞ்சு நாடு 1792இல் அவருக்குச் சிறப்புக் குடியுரிமை அளித்தது. ஆனால் அவர் மனமோ எழுதியதைச் செய்து பார்க்க ஏங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டான்ஸ் நகரின் ஆறு திங்கள்

வாய்ப்பு ஒரு கொடுமையின் வழியாக வந்தது. 1798இல் பிரெஞ்சுப் படையின் துணையோடு சுவிட்சர்லாந்தில் புதிய அரசு அமைந்தது. நிட்வால்டன் என்னும் மலைநாட்டு மக்கள் அதனை ஏற்க மறுத்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் படை புகுந்தது, வீடுகள் எரிந்தன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அதன் தலைநகரான ஸ்டான்ஸில் ஓர் இல்லம் தொடங்க அரசு முடிவு செய்து, பெஸ்டலோசியை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

கன்னியர் மடமொன்றின் ஒரு பகுதி இல்லமாக ஒதுக்கப்பட்டது. கட்டட வேலை முடியவில்லை, எங்கும் சுண்ணாம்புத் தூசி, சமையலறைகூட ஆயத்தமாகவில்லை. குளிரோ எலும்பைத் துளைத்தது. அந்நிலையில் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். உடம்பெல்லாம் சிரங்கு, தலையில் புண், கந்தலில் பேன். சிலர் எலும்புந் தோலுமாயிருந்தனர். சிலர் பிச்சையெடுத்துப் பழகித் துணிந்த பேச்சும் பொய்யும் கற்றிருந்தனர். சிலர் எதையும் நம்பாமல் ஒடுங்கிக் கிடந்தனர். பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அகரவரிசை தெரியவில்லை. எண்ணிக்கை நாளடைவில் எண்பது அளவுக்கு உயர்ந்தது.

இத்தனைக்கும் அவருக்கு இருந்த துணை ஒரு வீட்டுப் பணிப்பெண் மட்டுமே. ஊராரின் ஆதரவும் இல்லை. அவர்கள் கத்தோலிக்கர், இவர் சீர்திருத்தச் சபையினர். தங்கள் உறவினரைக் கொன்ற அரசு அனுப்பிய ஆள் என்ற வெறுப்பு வேறு. சில தாய்மார் வந்து குறை சொல்லிப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள்.

பெஸ்டலோசி என்ன செய்தார்? பாடத்திட்டம் வகுத்தாரா? விதிமுறை எழுதி ஒட்டினாரா? இல்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். புண்களைக் கழுவினார். அவர்களோடு உண்டார், அவர்கள் நடுவிலேயே உறங்கினார். காலையில் முதலில் எழுந்தவரும் இரவில் கடைசியாகப் படுத்தவரும் அவரே. படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் கண்ணயரும்வரை பாடமும் சொன்னார். தம் கையொன்றே அவர்களுக்கு உதவும் கை என்று அவர்கள் உணரும்வரை அவர் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.

அவர் கண்ட ஒழுங்குமுறை இதுதான். முதலில் குழந்தையின் அன்றாடத் தேவையை நிறைவு செய். அதனால் அதன் நெஞ்சம் திறக்கும். அடுத்து, நல்லதைச் செய்து பழக வை; அதனால் நடத்தை திருந்தும். நல்லது தீயது பற்றிய பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசி. நாமோ பேச்சில் தொடங்குகிறோம். பிறகு பிரம்பை எடுக்கிறோம். நெஞ்சம் திறக்கவில்லையே என்று வியக்கிறோம்!

1799 ஏப்ரலில் பக்கத்து மாநிலத்தின் அல்ட்டார்ஃப் நகரம் தீக்கிரையாயிற்று. பெஸ்டலோசி தம் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, அங்கே வீடிழந்து நிற்கும் குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். அவர்களில் இருபது பேரை நம் இல்லத்துக்கு அனுப்புமாறு அரசைக் கேட்போமா என்றார். பிள்ளைகள் உடனே ஒப்பினார்கள். அவர் அத்தோடு விடவில்லை. உணவு குறையும், வேலை கூடும், உடையையும் பகிர வேண்டி வரும் என்று எடுத்துச் சொல்லி, மீண்டும் யோசிக்கச் சொன்னார். அப்போதும் வரட்டும் என்றே சொன்னார்கள். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு துண்டு ரொட்டிக்கு அடித்துக்கொண்டிருக்கக்கூடிய பிள்ளைகள்! ஈகை பற்றி ஆயிரம் அறிவுரை சொல்லி இதைப் பெற முடியுமா?

பாடமும் இந்த உறவிலிருந்தே முளைத்தது. கற்பிக்க வேறு ஆசிரியர் இல்லை. ஆகவே தெரிந்த பிள்ளையைத் தெரியாத இரு பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வைத்தார். அப்பிள்ளை இருபுறமும் தோளில் கைபோட்டுக்கொண்டு தனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தரும். கவனம் சிதறாதிருக்க, அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லும்போது தம் கைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழக்கினார். இத்தகைய சிறு உத்திகள் எண்பது பிள்ளைகளின் கூச்சலை அடக்கின. சிறிது நேர அமைதியை அனுபவித்த குழந்தை தானே அதனை விரும்பத் தொடங்கியது.

கை ஓங்கிய கதை

இப்போது நான் தேடிக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன். இவ்வளவு அன்பு செய்தவர் பிள்ளைகளை அடித்ததே இல்லையா? அடித்திருக்கிறார். ஸ்டான்ஸ் அனுபவம் பற்றித் தாம் எழுதிய நீண்ட மடலில் அதை அவரே மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். முரட்டுத்தனம் கண்டபோது அறைந்ததுண்டு என்றும், இரவும் பகலும் கூடவே இருப்பவரின் அடியைப் பிள்ளைகள் பகையாகக் கொள்ளவில்லை என்றும் அவர் விளக்கம் கூறுகிறார்.

இதைப் படித்ததும் எனக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. உடனே வெட்கமும் பிறந்தது. அவர் இரவு பகலாக உடனிருந்தவர். நானோ நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வருபவள். அவர் அந்தப் பிள்ளையின் புண்ணைக் கழுவியவர். நானோ அவன் சாப்பிட்டானா என்றுகூடக் கேட்காதவள். மேலும், எவ்வளவு அன்புடையவர் அடித்தாலும் அடி அடிதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. பெஸ்டலோசியின் அன்பைப் பின்பற்றுவோம்; அவர் ஓங்கிய கையை அவர் காலத்தோடு விட்டுவிடுவோம். குருவிடம் கொள்ள வேண்டியதும் உண்டு, தள்ள வேண்டியதும் உண்டு அன்றோ!

ஸ்டான்ஸ் இல்லம் ஆறு மாதமே நடந்தது. 1799 சூன் மாதம் பிரெஞ்சுப் படைக்கு மருத்துவமனை வேண்டும் என்று கட்டடத்தை எடுத்துக்கொண்டனர். பிள்ளைகளில் பெரும்பாலோர் அனுப்பப்பட்டனர். இரத்தம் துப்பும் நிலையில், உடல் குலைந்து, பெஸ்டலோசி மலையூர் ஒன்றுக்கு ஓய்வெடுக்கச் சென்றார். உலகத்தார் கண்ணில் மற்றுமொரு தோல்வி! ஆனால் தொடக்கக் கல்வியின் புதிய வரலாறு அந்த ஆறு மாதத்தில்தான் வேரூன்றியது.

பர்க்டார்ஃபில் புதிய பாடம்

அதே 1799இல் அவர் பர்க்டார்ஃப் நகருக்கு வந்து, கூலியின்றிக் கற்பிக்க அனுமதி கேட்டார். ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு செருப்புத் தொழிலாளி நடத்திய பள்ளியில் ஒரு மூலை கிடைத்தது. ஒருபுறம் அவர் வேதபாடத்தை ஒப்பிக்கச் செய்ய, மறுபுறம் பெஸ்டலோசி ஏடில்லாமல் பாடம் நடத்தினார். கையெழுத்துச் சரியில்லாத, எழுத்துப் பிழை மலிந்த இந்தக் கிழவருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுப்பு எழுந்தது; அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர்ச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பள்ளியொன்றில் இடம் கிடைத்தது. 1800 மார்ச்சில் வந்து பார்த்த குழுவினர் பிள்ளைகளின் முன்னேற்றம் கண்டு வியந்து பாராட்டினர். நகரக் கோட்டையில் இடமும் கிடைத்தது. போரினால் வாடிய பிள்ளைகளைத் தம் ஊரிலிருந்து அழைத்துவந்த குரூசி என்னும் இளைஞர் அவருக்கு முதல் துணையாசிரியர் ஆனார்.

அவரது முறையின் சாரம் எளியது. பொருளை முதலில் காட்டு. பிறகு பெயரைச் சொல். எண்ணிக்கை, வடிவம், சொல் என்னும் மூன்றின் வழியாகக் குழந்தை உலகை அறியட்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ. ஒரு படி உறுதியாகும்வரை அடுத்த படியில் ஏற்றாதே. தலை, இதயம், கை மூன்றும் ஒருங்கே வளர வேண்டும். இவை 1801இல் வெளிவந்த 'கெர்ட்ரூட் தன் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்கிறாள்' என்னும் நூலில் விரிவாக உள்ளன.

அங்கே நிகழ்ந்ததாக ஒரு கதை சொல்வர். ஏணியின் படத்தைக் காட்டி ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். முற்றத்தில் உண்மையான ஏணி இருக்கும்போது படம் எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆசிரியர் பொருட்படுத்தவில்லை. மறுமுறை சன்னல் படம் வந்தபோதும், அதோ சன்னல் இருக்கிறதே என்றான். செய்தி பெஸ்டலோசிக்குப் போயிற்று. சிறுவன் சொல்வதே சரி என்று அவர் தீர்ப்பளித்தார், படங்கள் ஒதுக்கப்பட்டன. மாணவனிடம் பாடம் கேட்கும் துணிவு எத்தனை ஆசிரியர்க்கு வரும்!

அவர் முறையிலும் குறை இல்லாமல் இல்லை. எல்லாவற்றையும் சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கும் ஆவலில் பொருளற்ற அசைகளை ஓயாமல் ஒப்பிக்கச் செய்ததும் உண்டு. மனிதர் முறையைவிடப் பெரியவராயிருந்தார். அவருடைய முறையை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதரை விட்டுவிட்ட பள்ளிகளில் அது வெறும் ஒப்பித்தலாகவே முடிந்தது.

இவெர்டன் கோட்டை

அரசியல் மாற்றத்தால் பர்க்டார்ஃப் கோட்டையை விட நேர்ந்தது. 1805 முதல் 1825 வரை இருபது ஆண்டுகள் ஏரிக்கரை நகரான இவெர்டனில் அவருடைய பள்ளி சிறந்து விளங்கியது. அவருடைய தோற்றத்தை அங்குப் பயின்றோர் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். சிலிர்த்த முடி, அம்மைத் தழும்பு முகம், சரிந்து விழும் காலுறை, பொத்தான் போடாத சட்டை! ஆயினும் பிள்ளைகள் அவரைத் தந்தை என்றே அழைத்தனர். அவர் சிறிது நேரம் கண்ணில் படாவிட்டால் வாடினர்.

அங்கே பரிசும் தரவரிசையும் இல்லை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடுவது தவறு என்பது அவர் கொள்கை. நிலவியல் பாடத்துக்குப் பிள்ளைகள் பள்ளத்தாக்குக்கு நடந்து போவார்கள். ஊரைச் சுற்றிப் பார்த்து, களிமண் எடுத்துவந்து, மேசைமேல் அப்பள்ளத்தாக்கையே வடிவமைப்பார்கள். அதன் பின்னரே வரைபடம் அவர்கள் முன் விரிக்கப்படும்.

1814இல் படையினர் இவெர்டன் கோட்டையையும் மருத்துவமனையாக்க முனைந்தனர். ஸ்டான்ஸில் வாய் பேசாமல் இழந்தவர் இம்முறை விடவில்லை. பேசல் நகருக்குச் சென்று உருசியப் பேரரசர் அலெக்சாந்தரையே நேரில் கண்டார். பள்ளியைக் காக்க வந்தவர், அதோடு நில்லாமல், உருசிய நாட்டுப் பண்ணையடிமைகளை விடுவிக்குமாறும் பேரரசரிடம் மன்றாடினார்! பள்ளி காப்பாற்றப்பட்டது.

பிரஷ்ய நாடு இளம் ஆசிரியர்களை அவரிடம் அனுப்பிப் பயிற்றுவித்தது. பின்னாளில் குழந்தைத் தோட்டப் பள்ளியைத் தோற்றுவித்த ஃபுரோபெல் 1808 முதல் 1810 வரை அங்கே தங்கிக் கற்றார். ஆனால் துணையாசிரியர்களிடையே மூண்ட பூசல் பள்ளியை அரித்தது. 1815இல் துணைவியார் மறைந்தார். தம் நூல்களின் விற்பனையால் வந்த பணத்தைக்கூடத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் 1818இல் ஓர் ஏழைப் பிள்ளைகள் பள்ளியைத் தொடங்கினார். எழுபத்திரண்டு வயதிலும் அவருடைய கனவு நியூஹாஃபில் கண்ட அதே கனவுதான்.

சென்னையிலிருந்து சென்ற ஒருவர்

நம் மண்ணுக்கும் இவ்வரலாற்றில் ஒரு சிறு தொடர்பு உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைப் போதகர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மூத்த மாணவனே இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். அது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவிற்று.

அந்த பெல் 1816இல் இவெர்டனுக்குச் சென்று பெஸ்டலோசியைக் கண்டார். ஆனால் அவரது முறையைப் பெரிதாக மதிக்கவில்லை. இருவருமே பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பித்தவர்கள்தாம். ஆனால் பெல்லின் முறை குறைந்த செலவில் நிறைந்த பிள்ளைகளைக் கற்பிக்கும் ஒழுங்கைப் பெரிதாகக் கண்டது. பெஸ்டலோசியோ, கற்பிக்கும் பிள்ளையின் கை கற்கும் பிள்ளையின் தோள்மேல் கிடப்பதைப் பெரிதாகக் கண்டார். ஒரே உத்திதான், உள்ளிருக்கும் நோக்கமே வேறு.

இறுதி நாட்கள்

1825இல் இவெர்டன் பள்ளி மூடப்பட்டது. பெஸ்டலோசி தம் முதல் தோல்விக்களமான நியூஹாஃபுக்கே திரும்பினார். அங்கிருந்து 'அன்னப் பாடல்' என்னும் நூலை எழுதினார். அவரைத் தாக்கி வெளிவந்த நூலொன்று கடைசி நாட்களில் அவரைப் பெரிதும் புண்படுத்தியது. 1827 பிப்ரவரி 17ஆம் நாள் புருக் நகரில் கண்மூடினார். பிர் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1846இல் அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அவர் தோற்றுப்போன ஊர்களின் பெயர்களே அதில் அவருடைய புகழாகப் பொறிக்கப்பட்டுள்ளன!

மண்டபத்தில் மீண்டும்

நண்பர்களே! அந்தச் சிறுவன் என்னவானான் என்று கேட்பீர்கள். அவன் வீட்டுக்கு இரண்டாம் முறை போனபோது நான் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. குட்டியது தப்பு என்று அவனிடமே சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாள் வந்தான்.

அன்று முதல் வகுப்புக்கு முன் சுண்டலோ வேர்க்கடலையோ எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினோம். தெருவில் வீட்டுக்கு ஒரு நாளாகத் தாய்மார்கள் முறைவைத்துத் தந்தார்கள். பாய் விரிப்பதும் சுண்ணக்கட்டிப் பெட்டியை எடுத்துவருவதும் அவன் பொறுப்பு என்றாக்கினேன். சிலேட்டைத் தட்டிவிடும் கைக்கு வேலை கிடைத்தது, தட்டுவது குறைந்தது. வாய்ப்பாட்டைப் புளியங்கொட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கிக் கற்றான். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவன் பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருவாள். தன் தாயிடம் தொலைபேசியில் பேசும் நாளில் மட்டும் அவனுக்குப் பாடம் ஓடாது. அன்று அவனை வற்புறுத்துவதில்லை. என் பக்கத்தில் சும்மா உட்காரச் சொல்வேன்.

பெரிய அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டில் அவன் இன்னமும் தடுமாறுகிறான். ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டால் முன்போல் தலையைக் கைகளால் மறைத்துக்கொள்வதில்லை. விரலை மடக்கி மறுபடியும் எண்ணத் தொடங்குகிறான்.

நம்மில் பலர் நாளை கல்வியியல் பட்டம் பெற்று ஆசிரியராகப் போகிறவர்கள். 1956இல் தொடங்கிய மதிய உணவும் 2022இல் தொடங்கிய காலை உணவும் பள்ளிப் பிள்ளையின் பசியைத் தணிக்க அரசு கண்ட வழிகள். அந்த உணவுக்குப் பின் வகுப்பறையில் நடக்க வேண்டியது நம் கையில் இருக்கிறது. படிப்பு வராத பிள்ளை, அடங்காத பிள்ளை, அழுகிற பிள்ளை என்று மூன்று பிள்ளைகள் இல்லை. பெரும்பாலும் அது ஒரே பிள்ளைதான். இதை ஸ்டான்ஸ் நகரின் குளிரில் ஒரு முதியவர் கண்டுகொண்டார். ஒரு சிறுவனின் தலையில் குட்டிய பிறகே நான் கண்டுகொண்டேன். நீங்கள் குட்டுவதற்கு முன்பே கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினேன்.